அப்பா உருவிப் போட்ட பிளக்

எங்கள் மலை ஊரான சக்குபள்ளத்தில், வீட்டு ரவுட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகிலிருந்த பொடி எழுத்தைப் படிக்க நான் திணறிய மதியம் நன்றாக நினைவிருக்கிறது. அப்பா தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். ஏலத்தோட்டத்தில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நிற்காமல் இருக்க அவரால் முடியாது. நான் கொச்சியில் கட்டட வரைபடம் போடுகிறவன். பழைய படங்களெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்தன. கொச்சியிலிருந்து நான் கட்டளை அனுப்பினால், தூங்கும் கம்ப்யூட்டரை ரவுட்டர் எழுப்பிவிடும்படி அமைத்தேன். போனில் தட்டிக் காட்டியதும் யாரும் தொடாமலே கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்தது. அப்பா சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார்.

பிளக் மட்டும் சுவரில் இருக்க வேண்டும். எங்கள் மலையில் அது நடக்கிற காரியமா? வானம் ஒரு தடவை உறுமினால் போதும், வீட்டுக்கு வீடு எல்லா பிளக்கையும் உருவிப் போட்டுவிடுவார்கள். இடி ஓய்ந்தபின் திரும்ப மாட்ட அப்பாவுக்கு மறந்துபோகும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நான் கூப்பிட்டு, "அப்பா, மாட்டுங்க" என்று கத்துவேன். "ஏலே, இங்க மின்னல் வெட்டுற வெட்டுல சாமான் கருகிப்போச்சுன்னா ஒன் ஆபீஸ்காரனா தருவான்?" என்பார். மாட்டிய பிறகும் போனை வைக்க மாட்டார். மழை, ஏலச்செடியில் அழுகல், கோயிலுக்கு வந்த புதுப் பங்குச் சாமியார், நான் சாப்பிட்டேனா என்று நீளும். நான் படத்தைத் திறந்து வேலையைத் தொடங்கியபடி சும்மா 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்த விடுமுறையில் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த் போட்டு, மின்னலைத் தாங்கும் கருவியும் மாட்டினேன். இனி இதைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரிப்பா" என்றார். அதன்பின் கம்ப்யூட்டர் சொன்னவுடன் விழித்தது. அப்பாவைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லாமல் போனது, நானும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதைக் கவனிக்கக்கூட இல்லை. அது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

பிறகு ஒரு மாசி மாதம், நல்ல வெயிலில், கம்ப்யூட்டர் விழிக்க மறுத்தது. மனுஷனுக்குப் பழைய புத்தி போகவில்லை என்று எரிச்சல் வந்தது. போன் போட்டால் அரை மணி நேரம் போய்விடும். வேண்டிய படம் ஒரு நண்பனிடமும் இருந்தது, அன்றைக்கே அவனிடம் வாங்கிக்கொண்டேன். ஒன்பதாம் நாள், அப்பாவோடு இருந்த தங்கைதான் கூப்பிட்டாள். மாரடைப்பு; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அப்பா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பிளக் தரையில் கிடந்தது. இடியே இல்லாத நாளில் ஏன் உருவினார் என்று தங்கையிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேண்ணே. இத உருவுனா அவன் கூப்புடுவான் பாருன்னாங்க. போனப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நீங்களே கூப்புடுங்களேன்ப்பான்னேன். வேலையில இருப்பான், தொந்தரவு பண்ணக் கூடாது, அவனுக்கு வேலை ஆகணும்னா கூப்புடுவான்னுட்டாங்க."

எனக்கு வேலை முதல் நாளே ஆகிவிட்டிருந்தது.