டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்தவள்

என் சின்ன மாமனாரின் மூத்த மகள் எனக்கு நாத்தனார் முறை. வீட்டில் எல்லாருக்கும் அவள் 'கட்டை'. ஆள்தான் குட்டை, பிடிவாதம் நெட்டை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேன் ஓட்டி, கடை கடையாக ரொட்டி போட்டவள். எந்தச் சந்திலும் கண்ணாடியைப் பார்த்தே வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிடுவாள்.

ரொட்டிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். சரக்குக் கிடங்கில் டிரெய்லர் ஓட்ட ஆள் கேட்டார்கள். பெரிய வண்டி லைசென்ஸ் அவளிடம் இருந்தது. ஆனால் டிரெய்லரை அதுவரை தொட்டதில்லை. கிடங்கு மேலாளரை எல்லாரும் 'மீசை' என்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு இறக்கும் வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்துச் சரியாக நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வேலை தன் மச்சானுக்கு என்று அவர் சொல்லிவிட்டார்.

அங்கேதான் வினை. வேனைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கம் பின்பாகம் போகும். டிரெய்லர் அதற்கு நேர் எதிர். ஒன்றும் தெரியாதவள் என்றால் சொன்னதைக் கேட்டுச் செய்திருப்பாள். இவளுக்கோ வேன் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. புத்தி வலது என்றால் கை இடது பக்கம் ஓடியது. ஒவ்வொரு தடவையும் இழுக்கும் முன்பாகமும் டிரெய்லரும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி வண்டி இரண்டாக மடங்கி நின்றது.

மூட்டை இறக்குகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "அக்கா, வாசல் இந்தப் பக்கம். நீங்க போறது கக்கூஸு" என்றான் ஒருவன்.

"உனக்கு அவசரமோன்னு நினைச்சேன்டா" என்றாள் இவள்.

புதன்கிழமை கம்பத்தில் மோதிப் பின்விளக்கு நொறுங்கியது. நேரே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பை ஒரு மூலைக்கு உதறினாள். நின்றபடியே சாப்பிட்டாள்.

"விட்டுத் தொலையேன், ஊர்ல வேற வேலையா இல்ல?" என்றேன்.

"இருக்கு அண்ணி. ஆனா அந்த வண்டி என்னைப் பார்த்துச் சிரிக்குதே. அதுகிட்ட தோத்துட்டு எங்க போய் வேலை செய்ய?"

வியாழக்கிழமை அவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்டீரிங்கை அடியில் பிடித்து ஓட்டினாள். அடியில் கை வலது பக்கம் போனால் ஸ்டீரிங் இடது பக்கம் சுற்றும்; அதனால் கை எந்தப் பக்கம் நகர்ந்ததோ, அந்தப் பக்கமே டிரெய்லரும் நகர்ந்தது. பிறகு பொழுது சாயும்வரை அப்படியே பிடித்து ஓட்டிப் பழகினாள்.

வெள்ளிக்கிழமை மச்சான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். பதற்றத்தில் இவள் கை பழையபடி மேலே போய்விட்டது. வண்டி மடங்கியது.

"போதும்மா, இறங்கு" என்றார் மீசை.

இவள் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். "வெள்ளிக்கிழமை இன்னும் முடியல சார்."

வண்டியை முன்னுக்கு எடுத்து நேராக்கினாள். கையை அடிக்குக் கொண்டுவந்தாள். டிரெய்லர் மெதுவாக ஊர்ந்து, வாசல் சுவரில் இடி தாங்க வைத்திருந்த ரப்பரில் பட்டும் படாமல் நின்றது.

மீசை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்றார்.

அவள் வண்டியை வெளியே எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இன்னொரு தடவை பார்க்கணுமா சார்? டீசல் உங்களோடது."

மீசை மச்சான் பக்கம் திரும்பினார். "என்னடா வேடிக்கை? வண்டிக் கதவைத் திற, சரக்கை இறக்கணும்" என்றார்.