வெளுத்துப் பிறந்த வாழை

அந்தப் பெண் எங்கள் தோட்டத்துக்கு வந்து வாழைப்பூ கேட்டபோது, பொரியலுக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், வாழை ஆராய்ச்சி செய்பவள் என்பதெல்லாம் பேச்சுக் கொடுத்த பிறகே தெரிந்தது.

மலைமேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். மிளகுக்கு ஊடே மலைவாழை. அந்த வருடம் முடிக்கொத்து நோய் வந்து, இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக நெருக்கி நின்றன. தார் தள்ளவில்லை. பாதிக்கு மேல் நானும் வீட்டுக்காரரும் தோண்டி எரித்திருந்தோம். தப்பிய சில மரங்களில்தான் பூ இருந்தது.

"இந்தப் பூவுக்குள்ள இருக்குற பொடிப் பிஞ்சுலருந்து செடி வளர்ப்போங்க்கா. மரபணுவுல ஒரு எடத்தை மட்டும் வெட்டித் திருத்துனா நோய் அண்டாத வாழை கெடைக்குமான்னு பாக்குறோம்" என்றாள்.

"கெழங்கு இல்லாம கன்னு வருமா கண்ணு?"

"ஆமாங்க்கா."

நம்பவில்லை. ஆனாலும் அறுத்துக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்துப் போன் செய்தாள். "உங்க வாழை மொளைச்சிருச்சுங்க்கா. வந்து பாருங்க." செம்மேட்டில் முதல் பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குளிர்ந்த அறைக்குள் கூட்டிப்போனாள். அலமாரி நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள். அதில் ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

உள்ளே விரல் உயர வாழைக்கன்று. பச்சை என்பது பேருக்குக்கூட இல்லை. தண்டு வெள்ளை, குருத்து வெள்ளை. ரத்தம் சுண்டிய நகம் மாதிரி ஒரு வெள்ளை. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டேன். அங்கே அவளோடு வேலை செய்யும் இருவர் சிரித்த முகத்தோடு அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்யோ, செத்துப் போச்சா சாமி?"

"இல்லீங்க்கா. உசுரோடதான் இருக்குது."

"எங்க மண்ணுல ஏதாச்சும் கொறையா?"

"ஒரு கொறையும் இல்லீங்க்கா. நாங்கதான் வெள்ளையாக்கினோம்."

அவள் அருகில் வந்து சொன்னாள்: "நோய்க்கான வெட்டு பலிச்சுதான்னு தெரிய ரொம்ப நாளாகும். அதனால மொதல்ல பச்சை நிறத்துக்கான எடத்துல வெட்டிப் பாத்தோம். வெளுத்திருந்தா, சரியான எடத்துல வெட்டு விழுந்திருக்குன்னு கண்ணாலயே தெரிஞ்சிரும்."

"கொண்டுபோய் நட்டா?"

"பொழைக்காதுங்க்கா. வெயில்ல சோறாக்க அதுக்குத் தெரியாது. நாங்க போடுற சர்க்கரையிலதான் நிக்குது. பாத்து எழுதிக்கிட்டு, ஆவியில வேகவெச்சு அழிச்சிருவோம்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வாழையை என் கையாலேயே எரித்தவள்தான் நான். அதெல்லாம் நோய் தின்ற மரம். இது நன்றாக இருந்ததை வேண்டுமென்றே வெளுக்க வைத்துப் பிறப்பித்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்களே என்பதுதான் தாங்கவில்லை.

"இதுக்கு எம்பட வாழைதானா கெடைச்சுது?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் முகம் வாடியது. "எங்கப்பா தோப்பும் இதே நோயிலதாங்க்கா போச்சு. குருட்டாம்போக்குல வெட்டக் கூடாதுன்னுதான் இப்படிப் பாக்குறோம். அடுத்தது நோய்க்கான வெட்டு. அதுக்கு இன்னும் பூ வேணும். ஆனா நோய் வராதுன்னு இப்ப என்னால சத்தியம் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து கன்று வெள்ளையாக இருந்தது என்றதும் வீட்டுக்காரர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "இனிமே ஒரு பூவும் குடுக்க வேண்டாம் புள்ள" என்றார். நானும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன்.

அடுத்த வாரம், நல்லது என்று விட்டிருந்த மரங்களில் இரண்டில் இலைகள் உச்சியில் கொத்தாக நெருக்க ஆரம்பித்தன. நானே அவளுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். மிச்சமிருந்ததில் பெரிய பூவாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் தடுக்கவில்லை, பையை அவர்தான் விரித்துப் பிடித்தார்.

அந்தப் பூவிலிருந்து இன்னும் செடி வரவில்லை. காலியான இடத்தில் மரவள்ளி நட்டிருக்கிறோம்.