ஏழாம் கெட்டிலின் டேக்

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பாதவன் நான். திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவே, பசை காய்ச்சும் தொழிற்சாலையில் மீட்டர்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன். ஒயர் இருந்தால் எண் வரும், இல்லையென்றால் வராது, எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒரு புது சாஃப்ட்வேர் வந்தது. ஒவ்வொரு மீட்டரும் காட்டுகிற சூடு, அழுத்தம் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு நிமிடம் வாங்கி ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். ஆனால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பெயரும், ஒயர் எங்கிருந்து வருகிறது என்கிற அட்ரஸும் கொடுத்து நாம்தான் உள்ளே சேர்க்க வேண்டும். அதற்குப் பெயர் டேக். பழைய பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. "கையாலயே போட்டுடுங்க சார்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு விற்றவன் நழுவிவிட்டான். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மலை ஏறுகிறது, தொழிற்சாலைக்கு லீவு, நான் மட்டும் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எரிச்சல் வருமா, வராதா?

அதிலும் ஏழாம் கெட்டில்! பசை காய்ச்சும் அந்தப் பெரிய கொப்பரையைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டு வெகுநாள் ஆகிறது. ஒயரை வெட்டி டேப் சுற்றியவனே நான்தான்.

"இல்லாத கெட்டிலுக்கு இன்னாத்துக்கு சார் டேக்கு?" என்று மேனேஜரிடம் முன்னமே கேட்டிருந்தேன்.

"லிஸ்ட்ல கீதுல்ல? போட்டுடு. சும்மா கேள்வி கேட்டுகினு."

அந்தக் கெட்டில் ஏன் போனது என்று சொல்லிவிடுகிறேன். மணவூர் சாமுவேல் அண்ணன்தான் அதன் ஆப்பரேட்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மூடியைத் திறந்தார், கொதித்த பசை பொங்கி அவர்மேல் விழுந்தது, மூன்றாம் நாள் போய்விட்டார். விசாரணையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? மீட்டரில் குறையே இல்லையாம், அவர்தான் அதைப் பார்க்காமல் அவசரப்பட்டுத் திறந்தாராம். பசை பொங்கிய பிறகும் அந்த மீட்டர், மூடியைத் திறக்கலாம் என்கிற எழுபதிலேயே நின்றதை நான் பார்த்தேன். செத்தவர் எழுந்து வந்தா பதில் சொல்வார் என்கிற தைரியம்!

அன்று பகல் பதினொன்று இருக்கும். வெளியே சாலையில் காவடிக்காரர்களின் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் நின்றுபோன தொழிற்சாலை என்பதால் மற்ற டேக்குகள் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு என்று அறைச் சூட்டில் கிடந்தன. ஏழாம் கெட்டிலைச் சேர்த்தேன். தொண்ணூற்றெட்டு!

முந்தைய டேக்கைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றுவதுதான் எங்கள் வழக்கம். அட்ரஸை மாற்ற மறந்தால் பக்கத்து மீட்டரின் எண் இதிலும் வந்துவிடும். அந்தத் தப்பு என்றுதான் நினைத்தேன். அட்ரஸ் சரியாக இருந்தது. வேறு எந்த மீட்டரும் தொண்ணூற்றெட்டு காட்டவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன், வெட்டிய ஒயர் டேப்போடு அப்படியே தொங்குகிறது.

திரும்பி வந்து, அந்த டேக்கின் சூட்டைக் கோடாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், டேக் போட்ட நிமிடத்துக்கு முன்னால் அதில் ஒரு புள்ளிகூட இருக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டரே வந்து ஒரு மாதம்தான். ஆனால் கோடு இரண்டு வருடம் பின்னால் போனது, அண்ணன் மூடி திறந்த அந்த நாளுக்கே. காலை ஒன்பதிலிருந்து ஏறி, பதினொன்றுக்குத் தொண்ணூற்றெட்டைத் தொட்டிருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. பிறகு கத்த ஆரம்பித்தார்.

"யார்கிட்ட கதை வுட்ற? நீயே நம்பர அடிச்சி வச்சிகினு என்ன மெரட்டுறியா? வேல வோணுமா வேணாமா?"

நானா? ஒரு எண்ணைக்கூடக் கையால் திருத்தாத என்னைப் பார்த்தா அந்தக் கேள்வி? என் கண்ணெதிரே அந்த டேக்கை அழித்தார்.

அடுத்த நாள் காலை அது திரும்பி வந்திருந்தது. குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, நான் அதைக் காலியாகத்தான் விட்டிருந்தேன். இப்போது அதில் எழுத்து இருந்தது.

"மீட்டர் கம்மியா காட்டுது. உள்ள சூடு ஜாஸ்தி. வந்து பாரு தம்பி."

இது விபத்தன்று காலை ஒன்பது மணிக்கு ஷிஃப்ட் புத்தகத்தில் அண்ணன் எனக்காக எழுதி வைத்தது. பத்தரைக்கு அதைப் படித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போனவன் நான். நான் வருவதற்குள் "எழுபதுதான காட்டுது, தொற" என்று சூப்பர்வைசர் விரட்டியிருக்கிறார். மறுநாள் அந்தப் பக்கத்தையே யாரோ கிழித்துவிட்டார்கள். விசாரணையில் நான் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர்மேல் இவ்வளவு கோபப்படுகிறேனே, என்மேல் படவேண்டிய கோபம் இதைவிட அதிகம்.

போன ஞாயிறு மணவூருக்குப் போய் அண்ணன் மனைவி எஸ்தர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை.

"இத்த சொல்றதுக்கு ரெண்டு வருசமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணையை மறுபடி நடத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த டேக் நாள் முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது. காலையில் நான் டீ குடிக்க நாற்காலியை விட்டு எழுந்தால் எண் ஏற ஆரம்பிக்கிறது. உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது.