கூடுதல் மதிப்பெண்ணுக்கு ஒரு கவிதை

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்றாள். மறுநாள் தலைவலி. அதற்குப் பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். ஜூலை மாதம், நாங்கள் குடியிருக்கும் பாணேரில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்து குடியிருப்பின் வாசலில் வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போவதை நானும் மனைவியும் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

யாராவது ஏதாவது சொன்னார்களா, வகுப்பில் சண்டையா, போனில் எவனாவது தொந்தரவு செய்கிறானா என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம். "ஒண்ணும் நடக்கலப்பா" என்றாள். "எனக்கே தெரியல. ப்ளீஸ், என்னை விட்டுருங்க." போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

மனநல மருத்துவர் பொறுமையாகப் பேசினார். இதுவும் ஒரு நோய், காய்ச்சல் மாதிரி இரண்டு நாளில் போகாது, மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற சொல்லின் பொருளை என்னைத் தனியாக அழைத்து விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். மாத்திரைகளை என் அலுவலகப் பைக்குள் வைத்துக்கொண்டு மகர்பட்டாவிலிருக்கும் வங்கிக் கிளைக்குப் போய்வந்தேன். தச்சரை வரவழைத்து அவள் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினோம். அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்தக் கதவைச் சாத்த முடியும், பூட்ட முடியாது.

ஆகஸ்டில் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். பொறுப்பாளர் ஒரு கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வருகை போதவில்லை. மற்ற பாடங்களுக்கு மறுதேர்வு உண்டு. ஆங்கில இலக்கியத்தில் அகமதிப்பீட்டு மதிப்பெண் அதிகம், அதற்கு மறுதேர்வு கிடையாது. என் மகள் அடம்பிடித்து எடுத்த பாடம் அது. வணிகவியல் எடுக்கச் சொல்லி நான் மல்லுக்கட்டித் தோற்றிருந்தேன்.

வெளியே வந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் "சார்" என்று ஓடிவந்தார். என் மகளுடைய ஆங்கில ஆசிரியை. மராட்டிப் பெண், என்னைவிட மிகவும் இளையவர். ஆங்கிலமும் இந்தியுமாகப் பேசினார்.

"அவ எப்படி இருக்கா சார்? உண்மையைச் சொல்லுங்க."

நான் உண்மையைச் சொன்னேன். அலுவலகத்திலோ ஊரிலோ யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரிடம், பிள்ளைகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்த படிக்கட்டில் நின்று சொன்னேன்.

ஓடிவந்த பிள்ளைகளுக்கு வழிவிட்டு என்னைச் சுவரோரம் நிறுத்தினார். பிறகு, "என் கையில ஒண்ணுதான் இருக்கு. எக்ஸ்ட்ரா கிரெடிட். பாடத்துக்கு வெளியே ஏதாவது செஞ்சா நான் மார்க் போடலாம். ஒரு நாடகம் பார்த்துட்டு வந்து அதைப் பத்தி எங்கிட்ட பேசலாம். இல்லேன்னா பிடிச்ச கவிதைகளைத் தொகுத்து, ஏன் பிடிச்சதுன்னு எழுதலாம். அதுவும் முடியலேன்னா ஒரு கவிதையை வாய்விட்டு வாசிச்சு, பதிவு பண்ணி அனுப்பட்டும். எதுக்கும் ஸ்கூலுக்கு வரவேண்டாம். செமஸ்டர் முடியறதுக்குள்ள எப்ப வேணும்னாலும்" என்றார்.

"அது போதுமா மேடம்?"

"போதாது. ஆனா ஆரம்பிக்கலாம் இல்லையா?"

அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு ஏதோ கிடைத்துவிட்டது போலிருந்தது. வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். வழிமுறை என்று ஒன்று இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று நம்புகிறவன்.

நாடகத்துக்கு டிக்கெட் வாங்கினேன். வருகிறேன் என்று அவள் சொன்னதே பெரிதாக இருந்தது. குளித்து, நீல நிறக் குர்த்தா போட்டுக்கொண்டாள். மனைவி அவள் தலையைச் சீவிவிட்டபோது தடுக்கவில்லை. மூன்று பேரும் லிஃப்ட் வாசல்வரை வந்தோம். லிஃப்ட் வந்தது; கதவு திறந்தது; உள்ளே பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு நின்று "ஹலோ பேட்டா" என்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். லிஃப்ட் மூடிக்கொண்டு கீழே போய்விட்டது. திரும்பி வீட்டுக்குள் வருவதற்குள் அந்த நாடகம் தொடங்கியிருக்கும்.

கவிதைத் தொகுப்புக்காக நல்ல தாள் வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தேன். ஒரு வாரம் கழித்தும் வைத்தது வைத்தபடி இருந்தது. காப்பி தம்ளரை வைத்த வட்டக்கறை மட்டும் மேல் தாளில் இருந்தது.

"போன்ல அந்த ஏஐகிட்ட கேட்டா ரெண்டு நிமிசத்துல எழுதிக் குடுத்துரும். அதை அனுப்பிவிட்டுட்டு விடுங்க" என்றாள் என் மனைவி.

"அது அவ எழுதினதா ஆவுமா?"

"அவ எழுதி என்ன ஆவணும்? பிள்ள சோறு தின்னு மூணு நாளாச்சு. நீங்க மார்க்கு மார்க்குன்னு அலையுதீங்க. அவ உங்க பிள்ளையா, இல்ல வசூலாவாத லோனா?"

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை அப்படியே இருந்தது. மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரமே இல்லாத தொட்டியின் முன்னால் நின்றாள்.

மதிப்பெண்ணுக்காக அலைந்தேனா என்றால், முதலில் அப்படித்தான். ஆனால் அந்த நாட்களில் அது வேறாக மாறியிருந்தது. காலையில் அவள் கதவைத் தட்டுவதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. 'எப்படி இருக்க' என்று எத்தனை தரம் கேட்க முடியும்? 'மாத்திரை போட்டியா' என்று எத்தனை தரம்? அந்தக் கூடுதல் மதிப்பெண்ணும் இல்லையென்றால், அவளிடம் கேட்க வேறு கேள்வியே எனக்கு மிஞ்சியிருக்காது. இதை மனைவியிடம் அன்று சொல்லத் தெரியவில்லை.

வாய்விட்டு வாசிக்கும் மூன்றாவது வாய்ப்பு மட்டும் பாக்கி இருந்தது. அவளுடைய பாடப்புத்தகத்தை எடுத்து, ஆசிரியை குறித்துக் கொடுத்திருந்த கவிதையைத் தேடினேன். ஒரு மனிதனின் தோட்டத்தில் இருக்கும் பழமரத்தைப் பற்றியது. காய்ப்பின் பாரம் தாங்காமல் கிளைகள் தாழ்ந்துபோகின்றன; அவன் கம்புகளை நட்டு முட்டுக் கொடுக்கிறான். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. வங்கிக்குக் கிளம்புவதற்கு முன், ஷூவை மாட்டிக்கொண்டே அவள் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏட்டி, எந்திச்சிட்டியா? எந்திக்காட்டியும் பரவால்ல. நான் வாசிக்கேன், கேளு."

வாசித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளியில் கற்ற ஆங்கிலம். கடன் விண்ணப்பத்தையும் சுற்றறிக்கையையும் தவிர வேறெதையும் சத்தமாக வாசித்துப் பழகாத வாய். கிளைகளைக் குறிக்கும் 'boughs' என்ற சொல் வந்த இடத்தில், எழுத்து 'ரஃப்' (rough) மாதிரி இருக்கிறதே என்று 'பஃப்ஸ்' என்று வாசித்தேன். நாலைந்து இடத்தில் அந்தச் சொல் வந்தது. எல்லா இடத்திலும் மரத்தில் பஃப்ஸ் காய்த்துத் தொங்கியது. முடித்துவிட்டு எழுந்தேன். "வாரேன் பிள்ள" என்றேன்.

மறுநாளும் வாசித்தேன். அதற்கு மறுநாளும். பக்கத்து மனையில் புதிய கட்டடத்துக்காகப் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை மீறிக் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. வேலைக்கு வரும் மௌஷி துடைப்பத்தோடு நின்று என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போவாள். கதவுக்கு உள்ளே யாரும் இருப்பதற்கான அடையாளமே இருக்காது. சில நாட்களில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே அவள் மூச்சு விடுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். எழுத்து மங்கும். ஆனாலும் நிறுத்தப் பயமாக இருந்தது.

ஒரு நாள் முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பௌஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னட்டி?"

"பஃப்ஸ் இல்லப்பா. பௌஸ். பஃப்ஸ் பேக்கரில விக்கறது."

என் மனைவி சமையலறை வாசலில் தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். கல்லில் தோசை கருகுவது வாசனையாக வந்தது. அவள் நகரவில்லை. நானும் அசையவில்லை. "பௌஸ்" என்று திருத்தி வாசித்து முடித்தேன். காரில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் அவளைப் பேசவைக்க வேண்டும் என்று வேறு இரண்டு சொற்களை வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். "வேணும்னே பண்ணாதீங்க. நான் குழந்தை இல்ல" என்றாள். குரலில் அப்படி ஒரு சலிப்பு. அதற்குப் பிறகு பல நாள் ஒரு சொல்லும் இல்லை. கிடைத்ததை நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார்.

அந்த வாரத்தில் ஒரு காலை வாசிப்பதற்கே தெம்பில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "பிள்ள, எனக்கு இந்தக் கடைசிப் பகுதி நெசமாவே விளங்கல" என்றேன். "காய் எல்லாம் பறிச்சாச்சு. அதுக்குப் பெறகும் கம்ப எடுக்காம அவன் ஏன் தெனமும் வந்து பாக்கான்? நம்மூர்ல வாழைக்கு முட்டுக் குடுத்தா, தார் வெட்டினதும் கம்ப உருவிருவாங்க."

நெடுநேரம் கழித்துக் கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வந்து கதவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள் என்பது, கீழ் இடுக்கில் விழுந்த நிழலைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"அவனுக்கு பயம்பா. அதான் டெய்லி வந்து பாக்கறான். மரத்துக்கு அது பிடிக்கல. யாரும் மரத்துகிட்ட கேக்கவே இல்ல."

"அப்போ கம்ப எடுத்துரணுமா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள். "இப்ப எடுத்தா ஒடிஞ்சிரும்னு நினைக்கறேன்."

வங்கிக்கு விடுப்புச் சொன்னேன். கதவு திறக்கவில்லை, திறக்கச் சொல்லவும் இல்லை. இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தோம். மனைவி சத்தம் போடாமல் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். அவள் அழுததில் என் சட்டை நனைந்தது.

பதிவு செய்யலாம் என்று சொன்னது மகள்தான். செமஸ்டர் முடியப் போகும் நேரம். வீட்டில் துளைக்கும் சத்தம் என்பதால் கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்து செய்யலாம் என்றாள். படி வழியாகவே அத்தனை மாடியும் இறங்கினோம். காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்களும் வாசிக்கணும். ஒரு பத்தி நீங்க, ஒரு பத்தி நான்" என்றாள்.

நான் வாசித்தேன். அவள் வாசித்தாள். அவள் குரலை அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டு மாதங்களாகியிருந்தன. கடைசிப் பகுதியில் நடுவில் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றது. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு, இத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள். போன் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதி வரிகளை வாசித்து முடித்தாள்.

"இன்னொரு தரம் எடுப்போமா?" என்றேன்.

"வேண்டாம். இதையே அனுப்புங்க."

ஆசிரியை அந்தப் பகுதிக்குத் தரக்கூடிய முழு மதிப்பெண்ணையும் தந்தார். அவர் முதலிலேயே சொன்னது போல அது போதவில்லை. வருகைக் குறைவை எந்த மதிப்பெண்ணாலும் நிரப்ப முடியாது என்று பள்ளி கைவிரித்துவிட்டது. அந்த வருடம் போயிற்று. நவம்பரில் ஒரு பத்து நாள் மறுபடி மோசமாகி அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

இந்த ஜூனில் வேறொரு சிறிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பிலேயே மறுபடி சேர்ந்திருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் போகிறாள், சில வாரம் இரண்டு. போகாத நாட்களில் நான் காரணம் கேட்பதில்லை. போன சனிக்கிழமை பழைய ஆசிரியை அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி உப்புமா கிண்டினாள். அவரும் மகளும் உள்ளே ஏதோ ஒரு கதையைப் பற்றி ஆங்கிலத்தில் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். கொத்துமல்லி வாங்கி வரச் சொல்லி மனைவி என்னைக் கீழே அனுப்பினாள். மழை தூறிக்கொண்டிருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.