அடிக்கு ஓர் அங்குல வாட்டம்

தில்லியில் எந்த சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காட்டினாலும் அதில் ஒரு தரையாவது காத்தவராயன் போட்டதாக இருக்கும். ஆர்.கே.புரத்தில் செக்டர் செக்டராகப் போட்டார். லோதி ரோட்டில் பெரிய பெரிய அதிகாரிகள் குளித்த தண்ணீர் ஒரு சொட்டு தேங்காமல் ஓடுகிறதென்றால், அது அவர் வைத்த வாட்டம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். ஆனால் இன்ஜினியர்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறபோது, இவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "சார், அந்த மூலை கால் இஞ்சு எறங்கிக் கெடக்கு" என்பார். அளந்தால் கால் அங்குலம் இறங்கித்தான் இருக்கும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தபோது அவரிடம் ஒரு கொத்துக் கரணையும், கட்டிய மனைவி ராஜாத்தியும்தான் இருந்தார்கள். அவர் கொத்தனார், அவள் சித்தாள். இருவருமாக உழைத்து தட்சிண்புரியில் பத்தடிக்கு இருபதடி மனை வாங்கி, வேற்றாள் கை படாமல் வீடு கட்டினார்கள். அந்தச் சந்தில் மழை பெய்தால் எல்லார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகும். காத்தவராயன் ஐந்து படி உயரத்துக்குக் கடைக்கால் எழுப்பினார்.

"யோவ், கோபுரமா கட்டற?" என்றாள் ராஜாத்தி, கலவையைக் கொட்டிக்கொண்டே.

"பேசாம கொட்டு. ஊரே மெதந்தாலும் நம்ம பாய் நனையக் கூடாது."

நனையவில்லை. ஒவ்வொரு மழைக்கும் சந்தே வாளியோடு தண்ணீர் இறைக்க, அவர் மேல்படியில் உட்கார்ந்து பீடி பிடித்தார். ரோடு போடப் போட இரண்டு படிகள் தாருக்குள் போயின. மூன்று படிகள் மிஞ்சின. படிக்கு ஐந்து அங்குலம், மொத்தம் பதினைந்து.

அந்தப் பதினைந்து அங்குலம்தான் அறுபத்தேழாம் வயதில் அவரை உள்ளே போட்டுப் பூட்டியது. சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி வந்தது. வீட்டுக்குள் அது ஓடியது. வாசலுக்கு வந்ததும் நின்றது.

வாரம் ஒருமுறை கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மகன் விஜயன் சந்திலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டி வருவான். அவர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி ரோட்டில் வைப்பார்கள். ஒருவன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிப் பேசிக்கொண்டே தூக்கினான். மூட்டை மூட்டையாக சிமென்ட் சுமந்த ஆளை, மூட்டையைப் போலத் தூக்கினார்கள். எதிர்வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. காத்தவராயன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

விஜயன் தில்லியிலேயே பிறந்தவன், ஆபீஸில் வேலை, பெண்டாட்டியோடு மாடியில் குடியிருக்கிறான். அப்பா மேல் பாசம் இல்லாதவன் என்று சொல்ல முடியாது. கடையிலிருந்து மடக்குகிற இரும்புப் பலகை ஒன்று வாங்கி வந்து படிமேல் சாய்த்தான்.

"ரெடிமேட் ராம்ப்-பா. அவ்ளோதான், இனிமே டென்ஷன் இல்ல."

காத்தவராயன் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "அஞ்சடிதாண்டா இருக்கு. பதினஞ்சு இஞ்சு எறக்கத்துக்கு அஞ்சடி பத்தாது."

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதாப்பா?"

தெரியவில்லை. நாற்காலி முன்சக்கரத்தை வைத்ததும் பாய்ந்தது. ஓரச் சாக்கடையில் சக்கரம் சிக்க, காத்தவராயன் ரோட்டில் கிடந்தார். பலகை கணகணவென்று ஆடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் விஜயன் தீர்ப்புச் சொன்னான். "போதும்பா. இனிமே நீங்க வெளியவே வர வேணாம். டிரெஸ்ஸிங் பண்ண ஆளை வீட்டுக்கே வரச் சொல்றேன். பின்ரூம்ல ஒரு டிவி மாட்டிடறேன். என்ன வேணும்னாலும் கேளுங்க, கொண்டாந்து தர்றேன்."

"எனக்கு ரோடு வேணும். கொண்டாந்து தருவியா?"

விஜயன் மாடிக்குப் போனான்.

காத்தவராயன் கணக்குப் போட்டார். குளியலறையில் தண்ணீர் ஓட ஒரு வாட்டம், ஆள் ஏற ஒரு வாட்டம். கை வலிக்காமல் தானே தள்ளிக்கொண்டு ஏற, அடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ஆகாது. பதினைந்து அங்குலத்துக்குப் பதினைந்தடி. எட்டடிச் சந்தில் அதைப் போட்டால் எதிர்வீட்டுக்காரன் கட்டிலில் போய்த்தான் முடியும். வெளியே இடமில்லை. உள்ளே இருக்கிறது. வாசலில் தரையை ரோடு மட்டத்துக்கு வெட்டி, முன்னறைப் பதினோரடியும் பின்னறையில் நாலடியுமாக இடது சுவரை ஒட்டி ஏற்றிக்கொண்டு போனால் சரியாக வரும். நடுக்கதவும் அதே பக்கம்தான்.

இடது சுவரை ஒட்டி மகனின் சோபா செட் இருந்தது.

காலையில் விஜயன் ஆபீஸ் போனான். மருமகளும் வேலைக்குக் கிளம்பினாள். காத்தவராயன் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி உட்கார்ந்தார். தரை போடுகிறவன் உட்கார்ந்துதானே போடுகிறான்? இதற்கு எதற்குக் கால்?

"ராஜாத்தி, சம்மட்டியும் உளியும் எடு."

"எதுக்கு?"

"வீட்டை ஒடைக்கப் போறேன்."

அவள் அவரையும் வாசலையும் சோபாவையும் பார்த்தாள். அப்புறம் புடவையைத் தூக்கிச் சொருகினாள். "சோபாவை மொதல்ல நகத்தணும். கடப்பாரை நான் போடறேன், நீ உளியைப் பிடி. அறுபது வயசுல மறுபடியும் சித்தாளாக்கிட்ட."

"கூலி கேக்காத."

"அன்னைக்கு மட்டும் குடுத்தியா?"

சாயங்காலம் விஜயன் வந்தபோது மூன்று படிகளும் இல்லை. சந்தில் இடித்த கல்லும் மண்ணுமாக மல்பா மலையாகக் குவிந்திருந்தது. முன்னறைத் தரையில் மூன்றரை அடி அகலத்துக்குப் பள்ளம். அதற்குள் அப்பா புழுதி அப்பிய தலையோடு உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! என்ன பாகல்தனம் இது, பைத்தியமா உங்களுக்கு? வீடு விழுந்துடும்!"

"அஸ்திவாரம் மூணடி ஆழம். நான் போட்டது. உங்க இன்ஜினியர் போட்டிருந்தா விழும்."

"மழை வந்தா? தண்ணி நேரா உள்ள வரும்."

"வரட்டும். வாட்டத்துல நாலடி ஏறும், அதுக்கு மேல ஏறுமா? ரோட்டுல வடிஞ்சா தானா எறங்கிப் போயிடும். மத்த தரை எல்லாம் பழைய ஒசரத்துலதானே இருக்கு?"

"யாராவது வந்தா எங்க உக்காருவாங்க? சோபா எங்க?"

"மாடிப்படிக்குக் கீழ," என்றாள் ராஜாத்தி. "உன்னைப் பாக்க வர்றவங்க மாடிக்குப் போவட்டும். இவரு வெளிய போவணும்."

விஜயன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"படி கட்டறப்ப நீ பொறக்கவே இல்ல. யாரைக் கேட்டேன்?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மல்பாவை வாரப் போனான். கோபம் தீரவில்லை. பாண்டுச் சட்டியை ஒவ்வொரு முறையும் டமார் என்று வைத்தான். ஆனாலும் வாரினான்.

மூன்று நாளில் செங்கல்லும் கலவையுமாகச் சரிவு எழுந்தது. மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே காத்தவராயன் துடைப்பத்தால் குறுக்கே கோடு கோடாக இழுத்தார், சக்கரம் வழுக்காமல் பிடிக்க. பள்ளத்து ஓரத்தில் யாரும் தவறி விழாமலிருக்க ஒற்றைச் செங்கல் வரப்பு வைத்தார். கதவு அந்தரத்தில் நின்றது, அதன் அடியில் ஒன்றேகால் அடித் தகரம் அடித்தார். வாசலெதிரே சாக்கடையைக் கல் பாவி மூடினார். அதன்பின் ஏழு நாள் ராஜாத்தி காலையும் மாலையும் நீர் ஊற்றினாள். நடுவில் கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. தூக்க ஆட்களைக் கூப்பிடட்டுமா என்றான் விஜயன். "பச்சைப் பூச்சுல எவனாவது காலை வச்சான், காலை ஒடிப்பேன்" என்றார். டிரெஸ்ஸிங் ஆள் அந்த ஒரு தடவை வீட்டுக்கு வந்து, வாசலில் குறுக்கே போட்ட பலகையில் ஏறி, வரப்புக்கு அந்தப் பக்கமாக நடந்து போய்க் கட்டுப் பிரித்தான்.

பதினோராம் நாள் காலை காத்தவராயன் பின்னறையிலிருந்து நாற்காலியை விட்டார். உள்ளங்கைகளால் சக்கரத்தை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார். நடுக்கதவு, முன்னறை, வாசல். ரோடு.

இறங்குவது பெரிதில்லை. ஏற வேண்டும். திரும்பித் தள்ளினார். பத்தடி வந்ததும் தோள் நடுங்கியது. நாற்காலி அரையடி பின்னால் வழுக்கியது. விஜயன் ஓடி வந்து பின்பிடியில் கை வைத்தான்.

"கையை எடுடா."

"அப்பா, விழுந்துடுவீங்க."

"எடுன்னேன்."

எடுத்தான். காத்தவராயன் பிரேக்கைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். பிரேக்கை விடுவித்தார். கோடு கோடாகச் சக்கரம் ஏறியது. கடைசி அடியில் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. மேலே வந்துவிட்டார்.

"என்னா, வாட்டம் ஜாஸ்தியோ?" என்றாள் ராஜாத்தி.

"வாட்டம் சரியாத்தான் இருக்கு. கைதான் மூணு மாசமா சும்மா கெடந்துச்சு."

நாற்காலியைத் திருப்பி மறுபடியும் இறங்கத் தொடங்கினார்.

"இப்ப எங்கப்பா?" விஜயன் கேட்டான். "ஆஸ்பத்திரி நாளைக்குத்தானே?"

"ஆஸ்பத்திரிக்கு இல்ல."

"கடைக்கா? என்ன வேணும், நான் வாங்கிட்டு வர்றேன்."

"ஒண்ணும் வேணாம்."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

காத்தவராயன் அதற்குள் ரோட்டுக்கு வந்திருந்தார். இரண்டு ஆள் தூக்கித்தான் வெளியே போக வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவருக்கு இன்றைக்குச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை.

"சும்மாடா," என்று சொல்லிவிட்டு, சந்தின் நடுவில் நின்ற மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொல்லி உரத்த குரலில் இந்தியில் திட்டிக்கொண்டே மெயின் ரோட்டுப் பக்கம் போனார்.