ஓரம் போடாத மாசி

காலை ஐந்தரை. சபேட்டோவில் பஸ் ஏறும்போதே என் வீட்டுக்காரர் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்.

"அடுத்த வியாழக்கெழம பிளேன். மூட்ட ஒண்ணுகூடக் கட்டல. இப்பப் போயித் தீவு பாக்கணுமா?"

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குக் குடிபெயரப் போகிறோம். பீஜித் தலைநகர் சூவாவில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து இந்தியப் பிரதமரைப் பிடித்து வைத்தார்களே, அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இந்தியர் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. பலர் அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் போனார்கள். எனக்கு அது ஆகாது. பதினைந்து வருடம் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் லிதியா. இந்த மண்ணின் பூர்வகுடிப் பீஜியக்காரி. கலவரத்துக்குப் பின் வேலையை விட்டுவிட்டுத் தன் வதுலேலே தீவுக்கே போய்விட்டாள். கடைசி நாள்களில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் என்ன தப்பு செய்தாள்? ஒன்றுமில்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் நான் விமானம் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டேன்.

எட்டு மணிக்கு சிங்கத்தோக்கா சந்தை. பதினைந்து டாலருக்கு ஒரு கட்டு யங்கோனா வேர் வாங்கினோம். எந்தத் தீவில் கால் வைத்தாலும் இந்த வேரை ஊர்த் தலைவர் முன் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொரோலேவு. அப்புறம் வதுலேலேக்குப் படகோட்டி சேருவின் படகு, ஆளுக்கு இருபத்தைந்து டாலர். முப்பது கிலோமீட்டர் கடல், ஒன்றரை மணி நேரம்.

வதுலேலேயில் சிவப்பு இறால் இருக்கிறது, சமைக்காமலே சிவப்பு என்று சேரு சொன்னான்.

"அப்ப ஒரு கொழம்பு வெக்கலாமே" என்றார் இவர்.

"பிடிக்கக் கூடாது, அண்ணே. பிடிச்சவன் படகு கரை சேராது" என்று சேரு இந்தியில் சொன்னதும் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். அந்த இறாலுக்கு ஒரு கும்பிடு!

பதினொன்றரைக்கு இறங்கினோம். மஞ்சள், நீலம், கத்தரிப்பூ நிறத்தில் தகர வீடுகள்; அதே நிறங்களில் படகுகள். மிச்சமான சாயம் படகுக்கா, வீட்டுக்கா என்று கேட்டேன். சேரு சிரித்தான். ஊர் முழுக்க டொக் டொக் என்று ஒரே சத்தம். பெண்கள் மாசி அடிக்கிறார்கள். மாசி என்றால் நம் மாதமும் இல்லை, கருவாடும் இல்லை. மரப்பட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்துத் துணியாக்குவது. ஒரு சாண் பட்டை இரண்டு முழமாக விரிவதை நின்று பார்த்தேன்.

தலைவர் வேரை ஏற்றுக்கொண்டார். லிதியா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "எளைச்சுட்டே!" என்றாள். எங்கள் பேச்சு பீஜியனும் இந்தியும் கலந்தது. இங்கே தமிழில் தருகிறேன். மீனும் மரவள்ளியும் போட்டாள். மாசியில் சாயம் பதிக்கும் பூ அச்சுகளைக் காட்டினாள். எல்லாம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படத்தை வெட்டிச் செய்தவை. ஒன்றில் யாருடைய விலா எலும்போ தெரிந்தது! பிறகு ஒரு மாசியை விரித்தாள். மூன்று பக்கம் ஓரப்பூ, நாலாவது பக்கம் வெறும் வெள்ளை.

"இங்க வந்ததும் மொதல்ல அடிச்சது இது. உனக்குத்தான். எப்படியும் நீ வருவேன்னு தெரியும்."

அப்போதாவது ஆக்லாந்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் இடித்தார். நான் சாயத்தைப் பற்றிக் கேட்டேன். கரி எது, செம்மண் எது என்று மூன்று மணி வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடல் நீர் வற்றுகிறது, அப்புறம் படகு எடுக்க முடியாது என்று சேரு கூப்பிட்டான். எழுந்தேன். எங்கள் வீட்டில் தமிழ் பாதி போய்விட்டது. ஆனால் வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டோம். பழக்க தோஷம், 'போயிட்டு வரேன்' என்பதையே பீஜியனில் சொல்லித் தொலைத்தேன். 'திரும்பி வருவேன்' என்று ஆகிவிட்டது.

லிதியாவின் முகம் மலர்ந்தது. "எப்போ? கிறிஸ்துமஸுக்கா?" மாசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்ப எதுக்கு அவசரம்? ஓரத்தை முடிச்சு வெக்கறேன், வரும்போது எடுத்துக்க."

"இல்ல, லிதியா. ஆக்லாந்து போறோம். குடும்பத்தோட. வர மாட்டோம்." அப்புறம் தமிழிலும் வந்துவிட்டது: "நான் போறேன்."

"ஐயோ, அந்தச் சொல்ல சொல்லாத" என்றார் வீட்டுக்காரர்.

லிதியா மாசியை மடித்தாள், வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி. என் கையில் வைத்து அழுத்தினாள். நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

படகு முழங்கால் தண்ணீரைத் தாண்டியது. சபேட்டோவில் எங்கள் வீட்டில் லிதியா தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அவளிடம் நான் ஒன்று சொல்வேன். அர்த்தம் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கரையில் நின்று கையை வாயில் குவித்து, அதையே தன் நாக்குக்கு வந்த தமிழில் கத்தினாள்:

"போயித்து வா!"