செக்கரும் நீலக் கரண்டியும்

எங்கள் செக்கர் ஏறும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத கொசுகூட ஒரு நிறுத்தம் தாண்ட முடியாது. சரி, கொசு என்பது கொஞ்சம் அதிகம்தான். ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, தூங்குவதுபோல் நடிப்பவனை இமைத் துடிப்பிலேயே கண்டுபிடிக்கிற மனிதர் அவர் என்பதில் கலப்படம் இல்லை. வேலை உடம்பில் ஊறிப்போய்விட்டது. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார். யாராவது சிரித்துக்கொண்டே வணக்கம் வைத்தால், "என்ன, டிக்கெட் இல்லையா?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்து நிற்கும்.

அத்தனை சந்தேகத்துக்கும் தலைச்சன் வேர்க்கடலை. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் ஏதோ இனிப்பைக் கடித்தாள். கடலையை அரைத்துச் சேர்த்திருந்தது யாருக்குத் தெரியும்? முகம் வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு திரும்பியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் வெளிச் சாப்பாட்டுக்குச் சிவப்பு விளக்கு. மகள் வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். விளக்கு மட்டும் பச்சைக்கு மாறவில்லை.

அவள்தான் ஒரு மதியம் அவரைத் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு இழுத்து வந்தாள்.

"ஒரே ஒரு தடவை வந்து பாருங்கப்பா. உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா, இனிமே வெளியில சாப்பிடுற பேச்சையே எடுக்க மாட்டேன்."

கடை என்று தனியாக ஒன்றும் இல்லை. பழைய மரச்சாமான் கிடங்கைப் பொதுச் சமையலறையாக மாற்றியிருந்தார்கள். ஒரு மூலையில் ரொட்டிக்காரர், எதிர் மூலையில் தாய்லாந்துச் சாப்பாடு செய்யும் சமையல்காரம்மா. நடுவே இருவருக்கும் பொதுவாகக் கழுவும் தொட்டியும் ஃப்ரிட்ஜும். பாத்திரம் மாறிவிடாமல் கைப்பிடியில் கலர் டேப் சுற்றியிருந்தது: சமையல்காரம்மாவுக்குச் சிவப்பு, ரொட்டிக்காரருக்கு நீலம். 'அடுத்தவர் பாத்திரத்தைத் தொடாதீர்' என்று சுவரில் எழுதியும் போட்டிருந்தது. ஜன்னலோரம் நீள மேசை ஒன்று. சாப்பாட்டுக் கடை என்பது அந்த மேசைதான்.

விலைப் பலகையைப் பார்த்ததுமே செக்கரின் புருவம் ஏறியது. "இவ்வளவு மலிவா? எதையோ குறைக்கிறாங்க, இல்ல எதையோ சேர்க்கிறாங்க."

"வாடகையைக் குறைக்கிறாங்கப்பா. ஒரு அடுப்புக்கு மட்டும்தானே குடுக்கிறாங்க."

பதில் சரியாக இருந்ததால் சந்தேகம் கூடியது. நேரே அடுப்பருகே போனார்.

"என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாது. தூள் பட்டாக்கூட உயிருக்கு ஆபத்து. புரியுதா?"

"சரிங்கய்யா."

"எண்ணெய்?"

"கடலை எண்ணெய் இல்லங்கய்யா."

அவ்வளவுதான். அந்த அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. நூடுல்ஸில் தூவுவதற்கென்றே உடைத்த கடலை டப்பா நிறைய பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இவளோ முகம்கூடச் சுளிக்காமல் 'சரி' என்கிறாள். எதற்கும் தலையாட்டுகிற பயணிகளைச் செக்கர் நிறையப் பார்த்தவர்.

மேசைக்குத் திரும்பவில்லை. தூண் மறைவில் நின்றுகொண்டார்.

சமையல்காரம்மா தன் பெரிய வாணலியை ஒதுக்கி வைத்தாள். கையை முழங்கைவரை கழுவினாள். பிறகு குனிந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு சட்டி, ஒரு கரண்டி. இரண்டிலும் நீல டேப்!

செக்கருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அடுத்தவன் பாத்திரத்தை ஒளித்து வைத்துச் சமைக்கிறவள் கடலை விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரனுக்குத் தங்கையா?

தட்டு மேசைக்கு வந்தது. மகள் முள்கரண்டியைத் தூக்கியதும் செக்கர் பாய்ந்து தட்டைப் பிடுங்கினார். ஒற்றை நூடுல்ஸ் அந்தரத்தில் ஆடியது.

"அப்பா! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். ரொட்டிக்காரரே! உங்க நீலக் கரண்டி எங்க கிடக்குன்னு பாத்தீங்களா?"

ரொட்டிக்காரர் மாவு அப்பிய கையோடு வந்தார். "பாத்தேனே."

"பாத்துட்டுமா சும்மா இருக்கீங்க?"

"குடுத்ததே நான்தாங்க."

சமையல்காரம்மாவுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. "என் சட்டி பூராவும் கடலையில புரண்டதுங்கய்யா. எவ்வளவு தேய்ச்சாலும் எனக்கு மனசு ஒப்பல. அவர் பக்கம் கடலை வாசப்படியே மிதிக்காது. அதான் அவர்கிட்ட வாங்கித் துணியில சுத்தித் தனியா வச்சிருக்கேன். இது திருட்டுன்னா, போலீஸைக் கூப்பிடுங்க!"

செக்கர் தட்டை ஏந்தியபடியே நின்றார். மோந்து பார்த்தார். ஓர் இழையை எடுத்து மென்றார். புளிப்பு, இனிப்பு, உறைப்பு. கடலை வாசனை துளிகூட இல்லை. இன்னோர் இழை. பிறகு தட்டை மெதுவாக மகள் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் அவசர மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் உதட்டையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு வீங்கவில்லை; கன்னம்தான் உப்பியது, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டதால். தட்டை வழித்துத் துடைத்த பிறகும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செக்கரின் கை பையிலிருந்து வெளியே வந்தது. கூடவே மிடுக்கும் வந்தது.

"பாத்தீங்களா! என் பொண்ணு கடையில சாப்பிடுறது இதுதான் முதல் தடவை. நான் கிட்ட நின்னு செக் பண்ணினதாலதான் அவளுக்கு இவ்வளவு தைரியம்!"

மகள் காலித் தட்டை ஆராய்ந்தாள். சமையல்காரம்மா அவசரமாக அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொட்டிக்காரருக்குத்தான் சூது வாது தெரியாது.

"முதல் தடவை இல்லங்களே. உங்களுக்கு மதிய டூட்டி விழற நாள்ல எல்லாம், உங்க வீட்டம்மாவும் பொண்ணும் இதே மேசையிலதான்."